‘ரிலேஷன்’ எந்த வீட்டுப் பெண்? கணினிச் சொற்களைப் பெயரிலிருந்து பிடிக்கும் வழி

என் முதல் வேலைக்கான நேர்காணலில் கேட்கப்பட்ட இரண்டாவது கேள்வி இது: “ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு ஏன் அந்தப் பெயர்?” (தகவலை டேபிள் டேபிளாக, அதாவது அட்டவணைகளாக, வைத்திருக்கும் கணினிக் கிடங்குதான் அது.)

“டேபிள்களுக்கு நடுவில் ரிலேஷன் இருப்பதால், சார்” என்றேன், கொஞ்சமும் தயங்காமல்.

“சரி, ஒரே ஒரு டேபிள்தான் இருக்கிறது என்றால்?”

முழித்தேன். எப்படியோ வேலை கிடைத்துவிட்டது. கேள்வி மட்டும் விடவில்லை. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு டேட்டா மாடலிங், அதாவது எந்தத் தகவலை எந்த டேபிளில் எப்படி வைப்பது என்று திட்டமிடுவதை, சொல்லித்தரும் இடத்தில் இருக்கிறேன். நான் சொன்ன அதே தவறான பதிலை ஆண்டுதோறும் கேட்கிறேன். இந்தத் துறையின் சொற்கள் பலவும் பார்க்க அன்றாட ஆங்கிலம் மாதிரியே இருக்கும்: கீ, டொமைன், நார்மல், ஃபாரின். தெரிந்த சொல் மாதிரி இருப்பதால் அர்த்தத்தை நாமே ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்தின் மேலேயே நாலு வருடம் வீடு கட்டிவிடுகிறோம். அதைத் தவிர்க்க நான் கையாளும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஊகத்தை எழுதி வையுங்கள்

புதிய சொல்லைப் பார்த்ததும் தேடுவதற்கு ஓடாதீர்கள். ஒரு நோட்டில் சொல்லை எழுதி, அது என்னவாக இருக்கும் என்று மனதில் படுவதைப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். தப்பாக இருந்தால் ரொம்ப நல்லது. ‘ஃபாரின் கீ’ என்பதற்கு “வெளிநாட்டுக் கிளைகளின் விவரம்” என்று எழுதிய ஒரு பெண், அது வேறொரு டேபிளின் சாவி, இந்த டேபிளில் வந்து தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அதை மறந்ததே இல்லை. தப்பை அடித்துவிட்டுச் சரியானதை எழுதும்போது பதிவதுபோல வேறு எப்படியும் பதியாது.

படி 2: பிறந்த வீடு எது?

கணினித் துறைக்கென்று முளைத்த சொற்கள் குறைவு. பெரும்பாலானவை வேறொரு வீட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவை. ஃபைல், ஃபோல்டர், டெஸ்க்டாப் மூன்றும் அலுவலக மேசையிலிருந்து வந்தன. வைரஸ் உயிரியலிலிருந்து. ‘கேஷ்’ பிரெஞ்சில் ஒளித்துவைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து. நிரல் எழுதுபவர் கண்ணில் படாமல் வேலை செய்யும் நினைவகத்துக்குப் பொருத்தமான பெயர்தான். டேட்டா மாடலிங்கின் அடிப்படைச் சொற்களுக்கு மட்டும் பிறந்த வீடு கணிதம். இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும்.

1970 ஜூனில், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் வேலை பார்த்த எட்கர் எஃப். காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகளை எப்படி அமைப்பது என்பதே அதன் பொருள். காட் ஆக்ஸ்ஃபர்டில் கணிதம் படித்தவர். ‘ரிலேஷன்’ என்ற சொல்லைக் கணிதத்தில் வழங்கும் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். நாம்தான் அதைப் படிக்காமல் வேலைக்கு வந்துவிட்டோம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. காட் சொன்னது அந்த ‘உறவு’தான். கையோடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கணத்தில் இரண்டு மாணவர்கள்: செல்வி, கதிர். இன்னொரு கணத்தில் மூன்று பாடங்கள்: தமிழ், கணிதம், இயற்பியல். இவற்றின் கார்ட்டீசியன் பெருக்கல் என்ன? சாத்தியமான எல்லாச் சோடிகளும், அதாவது ஆறு. ஆனால் நிஜத்தில் யார் எந்தப் பாடத்தை எடுத்திருக்கிறார்கள்?

செல்வி – தமிழ்
செல்வி – கணிதம்
கதிர் – கணிதம்

ஆறில் இந்த மூன்று மட்டும் உண்மை. அந்த ஆறின் உட்கணமான இந்த மூன்றுக்குப் பெயர்தான் உறவு. சோடிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியதும் என்ன ஆயிற்று பார்த்தீர்களா? டேபிள் வந்துவிட்டது. ஒரு டேபிளே ஒரு ரிலேஷன். இரண்டாவது டேபிளும் வேண்டாம், நடுவில் கோடும் வேண்டாம். நேர்காணலில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். கணம் என்றால் அதன் உறுப்புகளுக்கு வரிசை கிடையாது. அதனால்தான் டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்கியூஎல்லில், ‘ஆர்டர் பை’ (இன்ன வரிசையில் கொடு) போடாத குவெரிக்கு, அதாவது கேள்விக்கு, முடிவுகள் எந்த வரிசையில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நேற்று வந்த வரிசையிலேயே இன்றும் வரும் என்று நம்பி ஒரு சம்பளப் பட்டியலை எழுதிவிட்டு, மாதக் கடைசி இரவில் நான் விழித்திருந்தது உண்டு. கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு முறை வராது என்பதும் அதே பாடம். எஸ்கியூஎல் இதை மட்டும் கேட்கவில்லை, டேபிளின் ஒரே கிடைவரிசையை (ரோ) இரண்டு தரம் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ‘டிஸ்டிங்க்ட்’ என்று நாம் தனியாகக் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பிறந்த வீடு தெரிந்துவிட்டால் கூடப் பிறந்தவர்களையும் அடையாளம் தெரியும். ‘டியூப்பிள்’ என்ற சொல்லைக் கேட்டு நிறையப் பேர் பயப்படுகிறார்கள். டிரிப்பிள், குவாட்ரூப்பிள், குவின்டூப்பிள் என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே போகும்போது வால் பக்கம் ஒட்டியிருக்கிறதே, அந்த வாலைக் கத்தரித்து எடுத்த சொல் அது. பாடப்புத்தகத்தில் ‘வரிசைச் சோடி’ என்று படித்ததை மூன்று, நான்கு, இருபது உறுப்புகளுக்கு நீட்டினால் டியூப்பிள்.

‘டொமைன்’ என்றதும் இணையதள முகவரி ஞாபகம் வரும். தமிழ்ப் பாடப்புத்தகம் அதை ‘மதிப்பகம்’ என்கிறது, மதிப்புகள் குடியிருக்கும் இடம். காட் சொல்லும் டொமைனும் அதேதான்: ஒரு நெடுவரிசையில் எந்தெந்த மதிப்புகள் வரலாமோ அவற்றின் கணம். இந்த இடத்தில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடத் தெளிவாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். அடுத்து ‘ஃபங்ஷனல் டிபென்டன்சி’. ஃபங்ஷனுக்குத் தமிழில் சார்பு. ஒன்றை ஒன்று சார்ந்திருப்பது என்ற பொருள் தமிழில் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாணவர் எண் தெரிந்தால் பெயர் ஒன்றே ஒன்றுதான் வரும். பெயர் எண்ணைச் சார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

(நெடுவரிசை என்று எழுதுவதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். பேச்சில் நானும் ‘காலம்’ என்றுதான் சொல்வேன். எழுதினால் நேரம் என்று படித்துவிடுவார்கள். பாடப்புத்தகத்து ‘நிரல்’ இருக்கிறது, ஆனால் புரோகிராமுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.)

ஆட்களின் பெயரில் வந்த சொற்களை மட்டும் துருவ வேண்டாம், சீக்கிரம் கடந்துவிடுங்கள். பூலியன் என்பது ஜார்ஜ் பூல். அல்காரிதம் என்பது 9ஆம் நூற்றாண்டின் அல் குவாரிஸ்மி. பாய்ஸ்–காட் நார்மல் ஃபார்மில் (நார்மல் ஃபார்ம் என்ன என்பது படி 5இல் வரும்) காட்டோடு இருப்பவர் ரேமண்ட் பாய்ஸ். 1974இல், மிக இளம் வயதிலேயே இறந்துபோனார். பெயரைத் தெரிந்துகொள்வது மரியாதை. ஆனால் அதிலிருந்து அர்த்தம் கிடைக்காது.

படி 3: யாருக்கு எதிரே நிற்கிறது?

பிறந்த வீடு பிடிபடாவிட்டால் அடுத்த கேள்வி இது. பல சொற்கள் தனியாகப் பிறக்கவில்லை, ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பார்த்துப் பிறந்தன. ஹார்டுவேர் என்று இரும்புச் சாமான் இருந்ததால்தான் சாஃப்ட்வேர். ‘பிட்’ என்று ஒன்று இருந்தது. 1956இல் ஐபிஎம்மில் வெர்னர் புக்ஹோல்ஸ் அதற்கு அடுத்த பெரிய அலகுக்குக் ‘கடி’ என்ற அர்த்தமுள்ள ஆங்கிலச் சொல்லை எடுத்தார். இரண்டும் எழுத்தில் குழம்பிவிடுமே என்று நடுவில் ஓர் எழுத்தை மாற்றிப் ‘பைட்’ ஆக்கினார்.

1983இல் தியோ ஹேர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் டிரான்ஸாக்ஷனின் (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையென்றால் நடக்கவே கூடாத ஒரு தொகுப்பு வேலை) நான்கு குணங்களின் முதலெழுத்தைச் சேர்த்து ‘ஆசிட்’ என்றார்கள். பிற்பாடு 1990களில், அவ்வளவு கறாராக இல்லாமல் கொஞ்சம் விட்டுப்பிடிக்கும் முறைக்கு எரிக் புரூவரும் அவருடைய மாணவர்களும் வைத்த பெயர் ‘பேஸ்’. வேதியியல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: அமிலத்துக்கு எதிர் காரம். அந்தக் காரத்துக்காக எழுத்துகளை எவ்வளவு வளைத்திருக்கிறார்கள் என்பது விரிவாக்கத்தைப் பார்த்தாலே தெரியும்: பேசிக்கலி அவைலபிள், சாஃப்ட் ஸ்டேட், ஈவென்சுவல் கன்சிஸ்டென்சி. நகைச்சுவை முதலில், விரிவாக்கம் பிறகு என்றே எனக்குப் படுகிறது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது ‘டேட்டா லேக்’. 2010இல் ஜேம்ஸ் டிக்சன் அதை டேட்டா மார்ட்டுக்கு எதிரே நிறுத்தினார். மார்ட் என்பது சுத்திகரித்து, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டிய தண்ணீர். லேக் என்பது வந்த தண்ணீர் வந்தபடியே கிடக்கும் ஏரி, குளிப்பவர் குளிக்கலாம், மொண்டு குடிப்பவர் குடிக்கலாம். அவர் சொன்ன உவமை தெரிந்தால் இரண்டுக்கும் வரையறையே வேண்டாம். அதற்கப்புறம் லேக்கையும், ஒழுங்குபடுத்திய தரவின் பெரிய கிடங்கான வேர்ஹவுஸையும் ஒட்டி ‘லேக்ஹவுஸ்’ என்று ஒன்று வந்தது. ஏரிக்கரை பங்களா என்று ஊகித்து எழுதிய நோட்டு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். படி 1 வீண் போகவில்லை.

‘நோஎஸ்கியூஎல்’ கதை இன்னும் வேடிக்கை. 1998இல் கார்லோ ஸ்ட்ரோஸி இந்தப் பெயரை வைத்தது ஒரு ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு. எஸ்கியூஎல் மொழி மட்டும் அதில் இல்லை. 2009இல் அதே பெயர் ரிலேஷனல் அல்லாதவற்றுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு ‘நாட் ஒன்லி எஸ்கியூஎல்’ என்று சமாதான விளக்கமும் வந்தது. எதிரியின் பெயரை வைத்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் இந்தக் கதிதான்.

படி 4: வரைந்து பாருங்கள்

சில பெயர்கள் படத்திலிருந்து வந்தவை. நம் எழுத்துகளுக்குக் கால், கொம்பு, சுழி, புள்ளி என்று பெயர் வைத்தோமே, அந்த மாதிரி. ஸ்டார் ஸ்கீமாவை (இங்கே ஸ்கீமா என்றால் டேபிள்களின் அமைப்பு) ஒரு தாளில் வரையுங்கள்: நடுவில் விற்பனை டேபிள், சுற்றிலும் தேதி, கடை, பொருள், வாடிக்கையாளர். நட்சத்திரம். சுற்றியுள்ள ஒவ்வொன்றையும் மேலும் கிளை பிரித்தால் அது ஸ்னோஃப்ளேக். பனித்துகளைக் கண்ணால் பார்த்திராத நமக்கு அந்தப் பெயரில் ஒன்றும் ஓடாது. நடுவில் புள்ளி வைத்துக் கிளைகள் விரியும் கோலத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

எது எதோடு சேர்கிறது என்று காட்டும் இஆர் (என்டிட்டி–ரிலேஷன்ஷிப்) வரைபடத்தில் ஒரு கோட்டின் நுனி மூன்றாகப் பிரிந்தால் ‘பல’ என்று அர்த்தம். அதற்குப் பெயர் ‘குரோஸ் ஃபுட்’, காக்கைக் கால். 1976இல் இதைக் கொண்டுவந்த கார்டன் எவரெஸ்ட் அப்போது வைத்த பெயர் தலைகீழ் அம்பு. காக்கைக் கால்தான் நிலைத்தது. ஈர மணலில் காக்கை நடந்த தடத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

‘ட்ரீ’ மட்டும் தலைகீழ். வேர் மேலே, இலைகள் கீழே. இதைப் பற்றி யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

படி 5: கதை நன்றாக இருந்தால் தேதியைப் பாருங்கள்

பெயர்க் கதைகளைத் தேடத் தொடங்கினால் கட்டுக்கதைகளும் கூடவே வரும். கதை எவ்வளவு சுவையோ அவ்வளவு சந்தேகம் வேண்டும்.

ஒரே தகவல் பல இடத்தில் திரும்ப வராதபடி டேபிள்களை ஒழுங்குபடுத்தும் ‘நார்மலைசேஷன்’ என்ற பெயர் எப்படி வந்தது என்று காட்டே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: அதிபர் நிக்சன் சீனாவுடன் ‘ரிலேஷன்’களை ‘நார்மலைஸ்’ செய்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவரால் முடியுமென்றால் என்னாலும் முடியும் என்று நினைத்தேன் என்று. அருமையான கதை. இப்போது தேதியைப் பாருங்கள். நிக்சன் சீனா போனது 1972 பிப்ரவரி. ‘நார்மல் ஃபார்ம்’ என்ற தலைப்பில் ஒரு பகுதியே காட்டின் 1970 கட்டுரையில் இருக்கிறது. கணிதத்திலும் தர்க்கத்திலும் அந்தச் சொல்லாட்சி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. ஒன்றைப் பலவிதமாக எழுதலாம் என்றால், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. கதை சொன்னவர் சொல்லை உருவாக்கியவரே என்றாலும் நான் அதை நகைச்சுவைக் கணக்கில்தான் வைப்பேன். ‘நார்மல்’ என்பதைச் ‘சாதாரணம்’ என்று எடுத்துக்கொள்ளாமல் ‘ஒழுங்கான வடிவம்’ என்று எடுத்துக்கொண்டால் முதல் மூன்று நார்மல் ஃபார்ம்களும் கொஞ்சம் மிரட்டுவதைக் குறைக்கும்.

புரோகிராமில் உள்ள தவறுக்கு ‘பக்’ என்று பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டின் மார்க் 2 கணினி, ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) சிக்கிய விட்டில் பூச்சி. அதைப் பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டியதும் உண்மை, அந்தக் குறிப்பேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பதும் உண்மை. ஆனால் சொல் அங்கே பிறக்கவில்லை. பூச்சியின் பக்கத்தில் எழுதியிருப்பதன் சாரம், ‘நிஜமாகவே ஒரு பூச்சி அகப்பட்டது இதுதான் முதல் தடவை’ என்பது. சொல் முன்பே புழக்கத்தில் இருந்தால்தானே இந்த நகைச்சுவை எடுபடும்? எடிசன் 1878இலேயே தன் கருவிகளின் கோளாறுகளை அப்படித்தான் குறிப்பிட்டார்.

இதற்கு மாறாக, நம்ப முடியாததுபோல் தோன்றும் கதை உண்மையாகவும் இருக்கும். 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் கொண்டுவந்த மொழியின் பெயர் ‘சீக்வல்’. ஹாக்கர் சிடிலி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் அந்தப் பெயரை வணிகக் குறியாக வைத்திருந்ததால் எழுத்துகளைக் குறைத்து எஸ்கியூஎல் ஆக்கினார்கள். பழைய ஆட்கள் சிலர் இன்னும் ‘சீக்வல்’ என்று உச்சரிப்பது ஸ்டைலுக்காக இல்லை, அதுதான் பழைய பெயர்.

படி 6: புகுந்த வீடு மாறினால் அர்த்தமும் மாறும்

இதை விட்டால் வேலையில் அடி வாங்குவீர்கள். ‘ஸ்கீமா’ கிரேக்கத்தில் வடிவம். அதுவரை சரி. மைஎஸ்கியூஎல்லில் ஸ்கீமாவும் டேட்டாபேஸும் ஒன்றே. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒரு டேட்டாபேஸுக்குள் பல ஸ்கீமாக்கள், அறைகள் மாதிரி. ஆரக்கிளில் ஸ்கீமா ஒரு பயனருக்குச் சொந்தமான சாமான்களின் மொத்தம். மூன்று இடத்திலிருந்து வந்த மூன்று பேர் ஒரே கூட்டத்தில் ‘ஸ்கீமாவை அழித்துவிடலாமா?’ என்று பேசிக்கொண்டிருந்தால் தயவுசெய்து குறுக்கிடுங்கள்.

‘கார்டினாலிட்டி’யும் அப்படியே. வரைபடம் போடுகிறவருக்கு அது ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா என்ற கேள்வி. குவெரியின் வேகத்தைப் பார்க்கிறவருக்கு ஒரு நெடுவரிசையில் எத்தனை வேறு வேறு மதிப்புகள் என்ற எண்ணிக்கை. நோட்டில் இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ‘எங்கே?’ என்று ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

படி 7: தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்

வேலையில் யாரும் தமிழ்க் கலைச்சொல் பேசச் சொல்லவில்லை. இது உங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 1976இல் என்டிட்டி–ரிலேஷன்ஷிப் மாடலைத் தந்த பீட்டர் சென், 1983இல் அதை வாக்கிய இலக்கணத்தோடு பொருத்திக் காட்டினார்: பெயர்ச்சொல் என்டிட்டி (ஆளோ பொருளோ) ஆகும், வினைச்சொல் ரிலேஷன்ஷிப் (அவற்றுக்கு நடுவிலான தொடர்பு) ஆகும், பெயரடை அட்ரிபியூட் (பண்பு) ஆகும். (கவனியுங்கள்: இந்த ரிலேஷன்ஷிப் வேறு, காட்டின் ரிலேஷன் வேறு. நேர்காணலில் நான் குழப்பியது இந்த இரண்டையும்தான்.) “மருத்துவர் நோயாளிக்கு மாத்திரை எழுதித் தருகிறார்” என்ற வாக்கியத்தை எடுங்கள். மூன்று பெயர்ச்சொல், சென்னின் வரைபடத்தில் மூன்று கட்டங்கள். ‘எழுதித் தருகிறார்’ என்பது மூன்றையும் சேர்க்கும் சாய்சதுரம். வாடிக்கையாளர் சொல்வதைத் தமிழிலேயே குறித்துக்கொண்டு வந்து பெயரையும் வினையையும் இருவேறு மையில் அடிக்கோடிடுங்கள்; பாதி மாடல் முடிந்துவிடும்.

அப்புறம் ‘பக்’குக்குத் தமிழில் ‘வழு’ என்கிறார்கள். திணை வழு, பால் வழு, கால வழு என்று இலக்கணம் ஏழு வழு சொல்கிறது. தப்புதான், ஆனால் காரணம் கருதி ஏற்றுக்கொண்டாயிற்று என்பதற்கு ‘வழுவமைதி’ என்று பெயர். எங்கள் டீமில் ‘தெரிந்த பிரச்சினை, சரிசெய்யப் போவதில்லை’ என்று மூடப்படும் டிக்கெட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை.

படி 8: நாளைக்கு நீங்களும் பெயர் வைப்பீர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது உங்களை ஒரு டேபிள் உருவாக்கச் சொல்வார்கள். அதற்கு வைக்கும் பெயர் உங்களைவிட அதிக நாள் அந்த அலுவலகத்தில் இருக்கும். சுருக்காதீர்கள். ‘ஸ்டேட்டஸ் 2’ என்று வைக்காதீர்கள். நெடுவரிசைக்கு விளக்கக் குறிப்பு எழுதப் பல டேட்டாபேஸ்களில் வசதி உண்டு, எழுதுங்கள்.

ஒரு மருத்துவமனையின் டேட்டாவை நாங்கள் எடுத்தபோது நோயாளிகள் டேபிளில் ‘பிபி ஃபிளாக்’ என்று ஒரு நெடுவரிசை இருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி அதை வைத்து ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று வயதுவாரியாக அழகான கிராஃப் போட்டுவிட்டார். குழந்தைகள் வார்டில் பாதிப் பேருக்கு பிபி. பழைய ஊழியர் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டோம். அது ‘பில் பெண்டிங்’. பெயரை மாற்றலாம் என்றால் அதை நம்பி நாற்பது ரிப்போர்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. மாற்றவில்லை. குறிப்புக் கட்டத்தில் மட்டும் தம்பி ஒரு வரி சேர்த்தார்: “ரத்த அழுத்தம் அல்ல.”